மாத்திரைப் படத்தில் இருந்த முகவரி

ஒரகடத்தில் கார்களுக்கு அலுமினிய பாகங்கள் வார்க்கும் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவில் சேர்ந்தபோது எனக்கு முதலில் சொல்லித்தந்த வேலை படம் எடுப்பது. வார்ப்பிலிருந்து வரும் பாகத்தைக் கையில் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். விரிசலோ துளையோ தெரிந்தால் சொந்த செல்போனிலேயே படம் பிடித்து, ஷிஃப்ட் இன்ஜினியருக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, மயிரிழை விரிசல் மங்கிப்போகும். அதனால் ‘டாக்குமென்ட்’ என்பதை அமுக்கி, எடுத்தது எடுத்தபடியே அனுப்பச் சொல்லியிருந்தார் இன்ஜினியர். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. விரிசல் தெளிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதானே.

அந்த இன்ஜினியருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். குன்றத்தூரில் மனைவி, குழந்தையோடு இருந்தார். குரலை உயர்த்த மாட்டார். லைனில் எல்லாப் பெண்களையும் “ம்மா” போட்டுத்தான் கூப்பிடுவார். நல்ல மனுஷன் என்று பெயர் எடுத்தவர். இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் நான் வாய் திறந்தபோதெல்லாம் எதிரில் இருந்தவர்கள் முதலில் எடுத்துப் போட்டது இந்தப் பெயரைத்தான்.

எனக்கு ஊர் சங்கரன்கோவில் பக்கம். டிப்ளமா முடித்துவிட்டு இங்கே வந்தேன். வல்லக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு வீட்டு மாடியில், திருநெல்வேலிக்காரி ஒருத்தியோடு அறை எடுத்திருந்தேன். அவள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் தயாரிக்கும் ஃபேக்டரியில் வேலை பார்த்தாள். வீட்டுக்கார அக்கா கீழே குடியிருந்தார். கம்பெனி பதிவில் என் முகவரி ஆதாரில் உள்ள ஊர் முகவரிதான். கம்பெனி பஸ்ஸில் நான் ஏறும் நிறுத்தம் மெயின் ரோட்டில் இருந்தது. அங்கிருந்து அறைக்கு நாலைந்து தெரு திரும்பி நடக்க வேண்டும். அறை எங்கே என்று கம்பெனியில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. லீவு சொன்னதும் இன்ஜினியரிடமிருந்து பதில் வந்தது: “மாத்திரை போட்டோ அனுப்பும்மா. ஹெச்.ஆர்.ல ப்ரூஃப் கேக்குறாங்க.” லீவுக்குப் படம் கேட்பது எங்கள் கம்பெனியில் வழக்கம். நம்மை நம்ப மாட்டார்கள், நம் மாத்திரையை நம்புவார்கள். ஜன்னல் கட்டையில் மாத்திரை அட்டையை வைத்து எடுத்து, கைப்பழக்கத்தில் டாக்குமென்ட்டாகவே அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கீழேயிருந்து வீட்டுக்கார அக்கா கூப்பிட்டார்.

“யம்மா, கீழ வா. உன்ன தேடிகினு ஒருத்தர் வந்துகீறாரு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு, கையில் சாத்துக்குடிப் பையோடு இன்ஜினியர் நின்றிருந்தார்.

“எப்டி இருக்கம்மா? கோயிலுக்கு வந்தேன். அப்டியே உன்னயும் பாத்துட்டுப் போலாமேன்னு.”

“வீடு எப்படி சார் தெரியும்?”

“அது என்ன பெரிய விஷயமா?” என்று சிரித்தார். தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். “பச்சைக் கம்பி ஜன்னல், அதுதானே உன் ரூம்? காத்து வருதா நல்லா?”

அவர் பார்த்தது என் ஜன்னலை. உள்ளே கொடியில் எங்கள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. மாடிப்படியை மறித்தபடி நின்றேன்.

“மேல வந்து ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டுப் போறேனே.”

“நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்து ஒருத்தி தூங்குறா சார்.”

அது பொய். அவள் அன்று பகல் ஷிஃப்ட். அவர் தலையாட்டிவிட்டு, பையை என் கையில் திணித்துவிட்டுப் போனார். பைக் தெரு முனையைத் தாண்டியதும் வீட்டுக்கார அக்கா என் பக்கம் திரும்பினார்.

“இந்தா பாரு. பொம்பளப் புள்ளைங்கன்னுதான் வூடு குட்த்துகீறேன். ஆம்பளைங்க வந்து போற வேலைலாம் இங்க வேணாம்.”

“நான் வரச் சொல்லலக்கா. அட்ரஸே சொன்னதில்ல.”

“சொல்லாம எப்டி வந்தாரு? ஜோசியம் பாத்தா வந்தாரு?”

அண்ணனுக்கு போன் செய்து சொன்னேன். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். எங்கோ வழியில் வண்டியை ஓரம்கட்டிவிட்டுப் பேசினான். முழுதும் கேட்டுவிட்டு, “நீ சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்?” என்றான். அக்கா கேட்ட அதே கேள்வி. வந்து நின்றது அந்த ஆள். கேள்வி மட்டும் என்னிடம். சாத்துக்குடிப் பையைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டேன். பசியோடு இருந்தேன், ஆனாலும் போட்டேன்.

காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனதும் நேராக அவர் மேஜைக்குப் போய்த்தான் நின்றேன். “சார், என் வீடு உங்களுக்கு யார் சொன்னது?”

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. கம்ப்யூட்டரில் நான் அனுப்பிய மாத்திரைப் படத்தை எடுத்து, அதன் மேல் வலது பக்க பட்டனைத் தட்டி, ஏதோ ஒரு பெட்டியைத் திறந்தார். அதில் வரிசையாக எழுத்துகளும் எண்களும் இருந்தன. என் போன் என்ன கம்பெனி, என்ன மாடல் என்று இருந்தது. படம் எடுத்த தேதி, மணி, நிமிடம், வினாடி இருந்தன. இன்னும் கீழே இறக்கினால் புள்ளி வைத்த இரண்டு நீளமான எண்கள். அவற்றை எடுத்து மேப்பில் போட்டார். வல்லக்கோட்டை வந்தது, எங்கள் தெரு வந்தது, கூரைகள் வந்தன.

“பாத்தியா? போட்டோக்குள்ள எல்லாமே இருக்கு. எனக்கு யாரும் சொல்லல. நீதான் அனுப்புன.”

மேப்பில் எங்கள் வீட்டுக் கூரை எது என்று தேடினேன்.

“ஆனா பக்காவா காட்டல. பக்கத்து மனைலதான் புள்ளி விழுந்துது. படத்துல ஜன்னல்ல பச்சைக் கம்பி தெரிஞ்சுது, எதிர்ல கறுப்பு டேங்க் தெரிஞ்சுது. அத வெச்சுப் புடிச்சேன்.”

அவர் முகத்தில் பெருமை இருந்தது. நான் ஆச்சரியப்படுவேன், “அப்படியா சார்” என்று கேட்பேன் என்று எதிர்பார்த்தார். அந்த முகத்தை இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை. திருட்டுத்தனம் தெரிந்திருந்தால்கூட ஓரளவு புரிந்திருக்கும். இந்த மனிதர் ஒரு மாத்திரை அட்டையைப் படம் பிடித்த ஜன்னலைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, கம்பி என்ன நிறம் என்று குறித்து வைத்து, பைக் எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக டேங்க் தேடியிருக்கிறார். அதைத் திறமை என்று எனக்கே சொல்லிக் காட்டுகிறார்.

“இனிமே வீட்டுப் பக்கம் வராதீங்க சார்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “பயந்துட்டியா? நல்லதுக்குத்தானே வந்தேன்” என்றார்.

அன்று அறைக்கு வந்ததும் திருநெல்வேலிக்காரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் போனை வாங்கி, கேலரியில் அந்தப் படத்தைத் திறந்து, விரலால் மேல்பக்கமாகத் தள்ளினாள். எத்தனையோ வருடமாகப் படங்களைப் பக்கவாட்டில்தான் தள்ளியிருக்கிறேன். மேலே தள்ளினால் இன்னொரு பக்கம் வரும் என்று தெரியாது. இன்ஜினியர் காட்டிய அதே விவரம் என் போனிலேயே இருந்தது. கூடவே ஒரு சின்ன மேப், அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

இரண்டு பேருமாக ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தோம். கம்பெனியில் எடுத்த விரிசல் படங்களில் ஒரகடத்தில் புள்ளி. தாம்பரத்தில் துணிக்கடைக் கண்ணாடி முன்னால் எடுத்ததில் அந்தக் கடை மேல் புள்ளி. கல்யாண வீட்டில் எடுத்தது, பஸ்ஸில் எடுத்தது, குளித்துத் தலை துவட்டியபடி சும்மா எடுத்தது எல்லாவற்றிலும் இடமும் நேரமும். லென்ஸ் எவ்வளவு திறந்தது, வெளிச்சம் எவ்வளவு என்றுகூட இருந்தது. அதனால் யாருக்கு என்ன கெடுதல்? புள்ளிதான் கெடுதல்.

அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்கும் படம் வந்தது. ஆபரேஷன் முடிந்து எடுத்தது என்றே நான் நினைத்திருந்தேன். தேதி பார்த்தால் முந்தின நாள் எடுத்தது. அத்தனை பயத்தை வைத்துக்கொண்டு எனக்காகச் சிரித்திருக்கிறாள். சற்று நேரம் அந்தப் படத்திலேயே நின்றுவிட்டேன். இந்த எழுத்துகள் எனக்காக மட்டும் எழுதப்பட்டிருந்தால் எவ்வளவு நல்லது என்று தோன்றியது. அந்த ஆளும் இதே போலத்தான் என் படத்தைத் திறந்து பார்த்திருப்பார் என்பது நினைவுக்கு வந்ததும், போனைக் கவிழ்த்து வைத்தேன்.

“நாங்கதாம்ட்டி இந்தக் கேமராவ மாட்டுதோம்” என்றாள் அவள். “ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை மாட்டுதேன்னு எனக்கே தெரியாது. இது இப்படி எழுதும்னு ஒருத்தனும் எங்ககிட்ட சொல்லல பாத்துக்கோ.”

ஒரே படத்தை அவள் போனுக்கு இரண்டு விதமாகவும் அனுப்பிப் பார்த்தோம்; சாதாரணமாக அனுப்பியதில் புள்ளி இல்லை, டாக்குமென்ட்டாக அனுப்பியதில் அப்படியே இருந்தது. போன் வாங்கிய அன்று கேமராவை முதல் முறை திறக்கும்போது, இடத்தைத் தெரிந்துகொள்ளலாமா என்று கேட்டிருக்கும். ‘சரி’ என்று அமுக்கியிருப்பேன். வேலையில் சேரும்போது நீட்டிய காகிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டது போலத்தான். கேமரா செட்டிங்கில் தேடி அதை அணைத்தோம். இனி எடுப்பதில் புள்ளி இருக்காது. அனுப்பியது அனுப்பியதுதான்.

மறுநாள் காலை வீட்டுக்கார அக்காவிடம் போனைக் கொண்டுபோய்க் காட்டினேன். முதலில் அவர் கண்டுகொள்ளவில்லை. மேப்பைப் பெரிதாக்கி, அவர் வீட்டுக் கூரையையும் பக்கத்து மனை வேப்பமரத்தையும் காட்டியதும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது எங்க வூடுதானே?”

“ஆமாக்கா. நான் எடுத்த படத்துல இது தானா ஏறியிருக்கு. அதப் பாத்துட்டுத்தான் அவர் வந்திருக்காரு.”

அக்கா போனை என் கையில் திருப்பிக் கொடுத்தார். “எங்க வூட்டாண்ட புள்ளி வெச்சுகினு வந்துகீறான். நான் உன்ன போய்க் கேட்டுகினு கீறேன்” என்றார். அதற்கு மேல் மன்னிப்பு என்றெல்லாம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்ஜினியர் மறுபடியும் தெருவில் பைக்கை நிறுத்தியபோது, நான் இறங்குவதற்குள் அக்காவே வாசலுக்குப் போய்விட்டார்.

“இன்னா சார், இன்னிக்கு யாருக்குக் காய்ச்சல்?”

அவர் கோயிலுக்கு வந்ததாக ஏதோ சொன்னார்.

“கோயிலு அந்தாண்ட கீது. இது என் வூடு. உன் பொண்டாட்டி நம்பரக் குடு, நானே கூப்ட்டு வழி சொல்றேன்.”

பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கேன்டீனில் எங்கள் லைன் பெண்களிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே ஒவ்வொருத்தியாகப் போனை எடுத்து, படத்தை மேலே தள்ளிப் பார்த்தார்கள். ராமநாதபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் மட்டும் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு, கை கழுவப் போனவள் வரவேயில்லை. போய்ப் பார்த்தால் கழுவுமிடத்தில் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

“என்னத் தேடியும் வந்தாருக்கா. குன்றத்தூர் ரூமுக்கு. கால்ல அடிபட்டு லீவு போட்டப்ப கட்டுப் போட்ட கால போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாரு. அதுக்கப்புறம் மூணு தடவ வாசல்ல வந்து நின்னாரு. ரூம்ல கூட இருந்தவ எவளோதான் சொல்லிட்டான்னு நினைச்சு, அவங்ககூட பேசறதயே விட்டுட்டேன். எலித் தொல்லைன்னு சொல்லி ரூமயும் காலி பண்ணிட்டேன்.”

அவள் போனில் அந்தக் கால் படம் இன்னும் இருந்தது. மேலே தள்ளினோம். குன்றத்தூரில், அவள் விட்டு வந்த வீட்டின் மேல் புள்ளி. அவள் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். சண்டை போட்டுப் பிரிந்த தோழிகளை நினைத்து அழுதாள். எனக்கு அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. இரண்டு பேரும் சேர்ந்து கம்பெனியின் புகார்க் குழுவுக்கு எழுதிக் கொடுத்தோம்.

கூப்பிட்டார்கள். ஏ.சி. அறை. ஹெச்.ஆர். மேடம், பிளான்ட் மேனேஜர், வெளியிலிருந்து வந்த வக்கீல் அம்மா ஒருவர். முதலில் பேசியது ஹெச்.ஆர். மேடம்.

“அவர் உங்ககிட்ட தப்பா ஏதாவது பேசினாரா?”

“இல்ல மேடம்.”

“தொட்டாரா?”

“இல்ல.”

“அப்போ உடம்பு சரியில்லாதவங்களுக்குப் பழம் கொண்டுவந்ததுதான் கம்ப்ளைன்டா?”

“நான் சொல்லாத வீட்டுக்கு வந்ததுதான் மேடம் கம்ப்ளைன்ட்.”

“ஆனா அந்த டீடெய்ல்ஸ் நீங்க அனுப்பின போட்டோலதானே இருந்துது?”

“மாத்திரையக் காட்டச் சொன்னாங்க. நான் மாத்திரையத்தான் காட்டினேன்.”

மேனேஜர் நாற்காலியில் அசைந்தார். இன்ஜினியர் எவ்வளவு நல்ல மனிதர், எத்தனை வருட சர்வீஸ் என்று ஆரம்பித்தார். வக்கீல் அம்மா கையமர்த்திவிட்டு, “லீவுக்குப் படம் கேக்கணும்னு எந்த ரூல்ல இருக்கு?” என்று கேட்டார். மேனேஜர் மேடத்தைக் கை காட்டினார், மேடம் ஃபைலைப் புரட்டினார். அப்படி ஒரு ரூலே எழுத்தில் கிடையாது. ராமநாதபுரத்துப் பெண் அதுவரை தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். “எலின்னு சொன்னேன் மேடம். எங்க அம்மாகிட்டயும் எலின்னுதான் சொன்னேன்” என்று மட்டும் சொன்னாள். வக்கீல் அம்மா அதை எழுதிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் நோட்டீஸ் போர்டில் ஒரு சர்க்குலர் ஒட்டினார்கள். பெண் ஊழியர்கள் அனைவரும் தங்கள் செல்போனில் லொக்கேஷனை அணைத்து வைக்க வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் எழுத்து கண்ணுக்குத் தெரியவில்லை. நேராக ஹெச்.ஆர். அறைக்குப் போனேன்.

“பாத்தவருக்கு ஒண்ணும் கிடையாதா மேடம்? எங்களுக்குத்தான் சர்க்குலரா?”

“உங்க சேஃப்டிக்குத்தான்மா.”

“அப்போ எங்க போன எங்க சேஃப்டிக்கு பேக்லயே வெச்சுக்கறோம்.”

அதைத்தான் செய்தோம். எங்கள் லைன் பெண்கள் யாரும் சொந்த போனில் படம் எடுப்பதில்லை என்று முடிவு செய்தோம். பாகத்தைப் பார்ப்போம், விரிசல் இருந்தால் ஒதுக்கி வைப்போம், வாயால் சொல்வோம். படம் வேண்டுமானால் கம்பெனி கேமரா கொடுக்கட்டும். மற்ற ஷிஃப்டிலும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பையன்களும் சேர்ந்தது எனக்கே ஆச்சரியம். அவர்களில் ஒருவன் தங்கச்சி கல்யாண வேலைக்காக, காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டு, மண்டபத்திலிருந்து மாத்திரைப் படம் அனுப்பி மாட்டியவனாம். ஒதுக்கி வைத்த பாகங்கள் குவிந்தன. பாகம் வாங்கும் பெரிய கம்பெனியிலிருந்து, படங்கள் ஏன் வரவில்லை என்று கேட்டுவிட்டார்கள். அந்தக் கேள்விதான் மேனேஜருக்குச் சுட்டது. நாங்கள் கேட்டது சுடவில்லை. ஒவ்வொரு லைனுக்கும் படம் எடுக்கக் கம்பெனி டேப் கணினி ஒன்று வந்தது. லீவுக்குப் படம் கேட்பதும் சத்தமில்லாமல் நின்றது.

இன்ஜினியரை வேறு ஊரில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு பிளான்ட்டுக்கு மாற்றினார்கள். தண்டனை என்று எங்கும் எழுதவில்லை. கடைசி நாள் கேக் வெட்டினார்கள், மாலை போட்டார்கள். எங்களையும் கூப்பிட்டார்கள். ராமநாதபுரத்துப் பெண்ணும் நானும் லைனை விட்டு நகரவில்லை. கை தட்டும் சத்தம் மிஷின் சத்தத்தைத் தாண்டி வந்தது.

அண்ணன் ஊருக்கு வந்துவிடு என்றான். “அவனுக்கு வேலை இருக்கு, எனக்கு ஏன் இருக்கக் கூடாது?” என்று கேட்டேன். அண்ணன் அதற்கு மேல் வற்புறுத்தாமல், தன் போனிலும் அந்தப் புள்ளி வருகிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். சொல்லிக் கொடுத்தேன்.

அந்த இன்னொரு பிளான்ட்டிலும் தர ஆய்வில் பெண்கள்தான் அதிகம். ட்ரெய்னிங்கில் என்னோடு இருந்த ஒருத்தி அங்கே இருந்தாள். அவர் போய்ச் சேர்வதற்கு முன்பே அவளைக் கூப்பிட்டு, மாத்திரைப் படத்திலிருந்து கேக் வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லி, படத்தை மேலே தள்ளிப் பார்க்கச் சொன்னேன். போன மாதம் அவள் கூப்பிட்டாள்.

“வந்ததும் மொத மீட்டிங்லயே கேட்டுட்டார்க்கா. போட்டோ எல்லாம் டாக்குமென்ட்டா அனுப்புங்கம்மான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“கம்பெனி போன் குடுங்க சார், அனுப்புறோம்னோம். ஒருத்தர் பாக்கி இல்லாம சொன்னோம். யார் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாரு. யாரும் வாயத் தொறக்கல.”